மூக்குத் திருத்தம்

எங்கள் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் நகரும். ஆகவே அந்த வீட்டு விஷயத்தை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. காதைக் கழற்றி வைத்துவிட்டா கடை நடத்த முடியும்?

வெள்ளிக்கிழமை காலை. மெஷினைச் சூடேறப் போட்டுவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்டாண்டு போடாததால் சரிந்து விழுந்தது. விழுந்ததைத் தூக்காமல் யாரோ உள்ளே ஓடினார்கள். அப்புறம் குருவியின் குரல்.

"என்னங்க! பார்த்துட்டேங்க! சத்தியமா பார்த்துட்டேன்!"

"வண்டி விழுந்து கிடக்கு."

"கிடக்கட்டும். நான் என்னத்தைப் பார்த்தேன்னு கேளுங்க!"

"பெட்ரோல் ஒழுகுது."

"ஐயோ, கேளுங்கன்னா!"

குருவி என்பது தெரு வைத்த பெயர். ஸ்டுடியோக்காரரின் மனைவி. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சைஸ் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பாள். கடை திறப்பதற்கு முன்னால் அவள் வேறு ஆள். விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, கழுத்தில் பைனாகுலரும் தோளில் ஸ்டுடியோவின் பழைய கேமராவும் மாட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய்விடுவாள். அங்கே சேற்றில் நின்று பறவை பார்ப்பாள், படம் எடுப்பாள். திரும்பும்போது பாதி உப்பளம் அவள் செருப்பில் ஒட்டியிருக்கும். இதில் என்னம்மா கிடைக்கிறது என்று கேட்டால், "ஒரு தடவை வந்து பாருங்கக்கா" என்பாள். நான் போனதில்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பறவை கடைக்கு வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவள் வீட்டுக்காரரைத் தெருவில் 'சிரிங்க' என்போம். ஸ்டூலில் வந்து உட்காருகிற எல்லோரிடமும் "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆள் அவர் தங்கை, டச்சப். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் திருத்துவது அவள் ராஜ்ஜியம். இந்த ஊரில் கல்யாணமான எந்தப் பெண்ணின் ஆல்பத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், ஒரு பரு இருக்காது, கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்காது. முக்கியமாக மூக்கு. மூக்கில் அவள் கை வைத்தால் வைத்ததே தெரியாது. பெற்ற தாயே, "நம்ம பொண்ணுக்கு மூக்கு இவ்வளவு எடுப்பா?" என்று மயங்கிப் போவாள். டச்சப்புக்குச் சொந்த மூக்கு கொஞ்சம் சப்பை. ஸ்டுடியோ சுவரில் வருஷத்துக்கு ஒன்றாகக் குடும்பப் போட்டோ மாட்டியிருக்கிறார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அண்ணனுக்கு முடி குறையும், அண்ணிக்கு உடம்பு பூசும், டச்சப்புக்கு மட்டும் மூக்கு கூராகிக்கொண்டே போகும். அதைப் பற்றி அவளிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

"சரி, சொல்லு. எதைப் பார்த்தே?" என்றார் சிரிங்க.

"கரண்டிமூக்கு உள்ளான்!"

"கரண்டியா?"

"ஆமாங்க. உள்ளான் தெரியும்ல, சேத்துல கூட்டமா ஓடுமே, குருவி அளவுக்குத்தான் இருக்கும். எல்லாத்துக்கும் மூக்கு ஊசியா இருக்கும். இதுக்கு மட்டும் நுனியில தட்டையா, அகலமா, நம்ம மருந்து ஊத்துற குட்டி கரண்டி இருக்குல்ல, அப்படி! தண்ணியில தலையைக் கவுத்து இப்படியும் அப்படியும் துழாவிக்கிட்டே போகுதுங்க. உலகத்துலயே கொஞ்சூண்டுதான் மிச்சம் இருக்காம். அது நம்ம ஊரு சாக்கடை வாய்க்கால் முடியுற இடத்துல நிக்குது!"

"படம் எடுத்தியா?"

"எடுத்தேன். கை நடுங்கிடுச்சு. ஆனா ஒண்ணு நல்லா விழுந்திருக்கு. அப்படியே பக்கவாட்டுல, மூக்கு தெரியுற மாதிரி."

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே உடம்பு சிலிர்த்தது. பறவை எனக்குத் தெரியாது, குருவியைத் தெரியும். இப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு பறவைக் குழு உண்டு. ஊரில் பறவை பார்க்கிற கிறுக்குகள் எல்லாம் போனில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். யார் எதைப் பார்த்ததாகச் சொன்னாலும் அவர் ஒத்துக்கொண்டால்தான் அது குழுவின் பதிவில் ஏறும். உப்பளத்தில் நின்றபடியே குருவி அதில் செய்தி போட்டுவிட்டாள். 'கரண்டிமூக்கு உள்ளான் பார்த்தேன். படம் வருகிறது.' டாக்டர் ஒற்றை வார்த்தையில் பதில் போட்டிருந்தார். 'காத்திருக்கிறேன்.'

அதற்குள் கடை வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க. குருவி அவசர அவசரமாகக் கேமராவிலிருந்து கார்டை உருவி டச்சப்பிடம் கொடுத்தாள்.

"குட்டி, இதுல பறவைப் படம் இருக்கு. நல்லதா ஒண்ணை எடுத்து, கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணி, என் போன்ல இருந்து குரூப்புல போட்டுடு. நான் பிள்ளைங்களைக் கவனிக்கிறேன்."

"சரி அண்ணி. சூப்பரா பண்ணிடறேன்."

அந்தப் பதிலைக் கேட்டபோதாவது குருவி திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பளிச்சென்று பண்ணு என்பதற்கு அந்தப் பின்னறையில் என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும்.

மத்தியானம் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. குருவி இருக்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதி வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன்.

கவுண்டரில் போனைப் பிடித்தபடி நின்றிருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். அழகான படம். கண்ணாடி மாதிரி தண்ணீர், அதில் குட்டிப் பறவை, கூரான மூக்கு. கீழே குழுவின் பேச்சு.

'இது சாதாரண உள்ளான்தானே?'

'கரண்டி எங்கே? கழுவிக் கவிழ்த்து வச்சாச்சா?'

சிரிப்புப் பொம்மைகள் கொட்டிக் கிடந்தன. கடைசியில் டாக்டர். எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தேடுகிற கண் அவருக்கு. 'பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு நுனியில் கை வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் கோடு அங்கே உடைந்திருக்கிறது. மேடம், ஸ்டுடியோ வேலையை இங்கே கொண்டுவர வேண்டாம். நீங்கள் இதுவரை அனுப்பிய படங்களையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசி உங்கள் பதிவுகளை நீக்குவது பற்றி முடிவெடுப்போம்.'

"எல்லாத்தையுமா?" என்றேன்.

"எல்லாத்தையும்க்கா." அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கல்யாணமான புதுசுலேருந்து பார்த்தது. காய்ச்சலோட போய்ப் பார்த்தது, மழையில நனைஞ்சு பார்த்தது. எல்லாமே பொய்யின்னு ஆயிடும்."

பின்னறை வாசலில் டச்சப் வந்து நின்றாள். விஷயம் தெரியாமல் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, படம் எப்படி? எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"குட்டி," என்றாள் குருவி மெதுவாக. "இதுல நீ என்ன பண்ணினே?"

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி. வெளிச்சம் ஏத்தினேன். பின்னாடி ஒரு பிளாஸ்டிக் கவர் கெடந்துச்சு, அதை எடுத்தேன். அப்புறம் பாவம், மூக்குல சேறு ஒட்டியிருந்துச்சு. அதைத் தொடச்சு விட்டேன்."

"சேறு."

"ஆமா, நுனியில ஒரு உருண்டை. அசிங்கமா இருந்துச்சு. உங்க பேரு போட்டுப் போற படம், அது போய் அப்படி நிக்கலாமா? நல்லா எடுப்பா ஆக்கி விட்டேன்."

சிரிங்க ஒளிக்குடையை மடக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அது சேறு இல்லடி," என்றாள் குருவி. "அது மூக்கு. அதுக்கு மூக்கே அப்படித்தான்."

டச்சப்புக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பழைய படம் இருக்கும்ல?" என்று நான்தான் கேட்டேன்.

இல்லை. அங்கே எல்லாப் படத்துக்கும் ஒரே முறைதான். திருத்தினால் அதன் மேலேயே சேவ். தலை குனிந்தது, கண் மூடியது, முதுகு காட்டியது எல்லாம் குப்பைக்கு. கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கண் மூடிய மாப்பிள்ளை எதற்கு? அப்படியே பழகிய கை, பறவையின் மற்ற படங்களையெல்லாம் தூக்கிவிட்டது. கார்டை சிரிங்க வாங்கி, பார்மட் போட்டு மொத்தமாக அழித்து, பள்ளிக்கூடத்தையே அதில் அடைத்துவிட்டார். அழிந்ததை மீட்கிற ஏதோ ஒன்றை அவர் ஓட்டிப் பார்த்தார். திரும்பத் திரும்ப பல் விழுந்த பிள்ளைகள்தான் வந்தார்கள்.

குருவி திட்டவில்லை. திட்டியிருந்தால் டச்சப் தேறியிருப்பாள். குருவி போய் ஸ்டூலில் உட்கார்ந்து, படத்தின் பின்னணிக்குத் தொங்கவிட்ட நீலத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே குரூப்புல எழுதறேன் அண்ணி. நான்தான் தொடச்சேன்னு எழுதறேன்," என்று டச்சப் தேம்பினாள்.

"எழுது. மூக்குன்னு தெரியாம அறுத்துட்டோம்னு எழுது. யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அது இன்னும் அங்கேதானே இருக்கும்? ஒரு நாள்ல எங்கே போயிடும்?"

"இருக்கலாம்க்கா. போயிருக்கவும் போயிருக்கும். காலையில கடல் தண்ணி ஏறும். ஏறினா சேறெல்லாம் முழுகிடும், அப்போ எல்லாப் பறவையும் உப்பளத்து வரப்புல வந்து ஒதுங்கும். தண்ணி இறங்குறவரைக்கும்தான். அப்புறம் சேத்துல சிதறிடுச்சுன்னா தேடவே முடியாது." சொல்லச் சொல்ல அவள் முதுகு நிமிர்ந்தது. "கூட்டத்துக்கு முன்னாடி நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"போலாம்," என்றார் சிரிங்க.

"யாரு?"

"எல்லாரும். கடையைச் சாத்திட்டுப் போலாம்."

குருவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "ஸ்கூட்டர்ல எத்தனை பேரு போறது?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் பள்ளிக்கூடங்களுக்குக் காகிதக் கட்டு ஏற்றிப் போகிற பழைய வேன் ஒன்று உண்டு. வேண்டாவெறுப்பாகத் தலையாட்டுவது போல ஆட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை உப்பளம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாள் இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் என்ன செய்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீளக் கம்பு வைத்த பலகையால் ஆட்கள் உப்பை இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கும்போது சர சரவென்று ஒரு சத்தம். காற்று உதட்டில் உப்பைப் பூசியது. குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, "வரப்பு ஓரமா நடக்காதீங்க, சரிஞ்சு உள்ள போயிடுவீங்க. அப்புறம் ஊறுகாய்தான்," என்று சிரித்தார்.

கடைசி வரப்பு மேட்டை எட்டியதும் குருவி கையைக் காட்டி எங்களை உட்கார வைத்தாள். எதிரே வரப்பு வரப்பாகப் பறவைகள். நான் முதலில் கல் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கற்கள் இறக்கையைச் சிலுப்பின.

"அடேயப்பா," என்றார் சிரிங்க. "எவ்வளவு பேரு!"

"எல்லாம் உள்ளான். இதுல ஒண்ணுதாங்க நம்மாளு."

"எது?"

"அதைத்தானே தேடணும்!"

அவர் பெரிய லென்ஸை மாட்டிக் கண்ணை வைத்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட மாதிரி."

குருவி பைனாகுலரில் தேட ஆரம்பித்தாள். நேரம் போனது. வெயில் ஏறித் தண்ணீர் மின்னியது. கண்ணில் தண்ணீர் வழிய, துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"எங்கேயும் இல்லையே. போயிடுச்சோ? ராத்திரியே கிளம்பிடுச்சோ?"

"பதறாதே. நிதானமாப் பாரு," என்றார் சிரிங்க.

"எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்குதுங்க. எல்லாம் மங்கலா இருக்கு."

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு பருந்து தாழ வந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே எழும்பாக எழும்பியது. இந்தப் பக்கம் திரும்பினால் வெள்ளை, அந்தப் பக்கம் திரும்பினால் சாம்பல். நான் என்னை மறந்து எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். குருவி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவளுக்கு உயிர் போகிறது, எனக்கு வேடிக்கை. ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் யார்?

நல்லவேளை, பருந்து போனதும் எல்லாம் சுற்றி வந்து மறுபடி வரப்பில் இறங்கின.

அதுவரை பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டச்சப் பேசினாள். "அண்ணி, நான் பார்க்கட்டுமா?"

"உனக்குப் பறவை தெரியாதே குட்டி."

"பறவை தெரியாது. மூக்கு தெரியும்."

குருவி பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தாள்.

டச்சப் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்தாள். முழங்கையை ஊன்றினாள். ஆல்பம் திருத்துகிறபோது இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முகமாக வருவாளே, அதே வரிசை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"கூர்... கூர்... கூர்... இது கொஞ்சம் வளைவு, பரவால்ல... கூர்... இது தூங்குது, தலையே தெரியல... கூர்... கூர்..."

வரப்பு முடிந்து அடுத்த வரப்பு. சிரிங்க டீயை ஊற்றி நீட்டினார், யாரும் வாங்கவில்லை. அவரும் குடிக்கவில்லை.

"கூர்... கூர்..." திடீரென்று நின்றாள். "அண்ணி."

"என்ன?"

"கை அரிக்குது."

"எறும்பா?"

"எறும்பு இல்ல. திருத்தணும்போலக் கை அரிக்குது. மூணாவது வரப்பு. ஒத்தைக் கால்ல ஒரு பெருசு நிக்குதுல்ல, அதுக்கு இடது பக்கம் ரெண்டாவது. இப்போ தலையைத் தூக்கும், பாருங்க, தூக்குது!"

குருவி பைனாகுலரைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். அடுத்த நொடி அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. டச்சப்பின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் வைத்தாள், பைனாகுலர் நெற்றியில் இடித்தது, இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சிரிங்க லென்ஸைத் திருப்பினார். "கிடைச்சிடுச்சு. முதுகைக் காட்டுதே." பிறகு தன்னையறியாமல் மெதுவாகச் சொன்னார், "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... இன்னும் கொஞ்சம்... தாடையைத் தூக்குங்க..." அது திரும்பியது. சத்தியமாகத் திரும்பியது. கேமரா படபடவென்று அடித்துத் தீர்த்தது. திரையில் காட்டினார். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுப்பு மூக்கு, அதன் நுனியில் அப்பட்டமாக ஒரு குட்டிக் கரண்டி.

"அனுப்பு, உடனே அனுப்பு," என்று நான் குதித்தேன்.

குருவியின் முகம் சுருங்கியது. "அனுப்பி? நேத்து கூர் மூக்கு, இன்னைக்குக் கரண்டி மூக்கு. நம்ம ஸ்டுடியோ படத்தை இனிமே எவனும் நம்ப மாட்டான்க்கா. ராத்திரியோட ராத்திரியா ஒட்ட வச்சுட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க."

உண்மைதான். படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற வீட்டில் படத்துக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது. சிரிங்க கேமராவைத் தாழ்த்தினார்.

குருவி போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், நான்தான்."

"மேடம், அதை நாளைக்குக் கூட்டத்துல பேசிக்கலாம்னு சொன்னேனே. இப்போ கையில பேஷண்ட் இருக்காரு."

"படம் எதுவும் அனுப்பலை டாக்டர். நீங்க வந்து பாருங்க. உங்க கண்ணால பாருங்க. இப்போ என் முன்னாடி நிக்குது."

"மேடம்..."

"தண்ணி இறங்க ஆரம்பிச்சிடுச்சு டாக்டர்."

போனில் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றது.

"எந்த வரப்பு?"

டாக்டர் வருவதற்குள் அது பறந்துவிடக் கூடாதே என்று காவல் இருந்தோம். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தூரத்தில் சேறு வரி வரியாக வெளியே வந்தது. பறவைகள் கொத்துக் கொத்தாக வரப்பை விட்டுக் கிளம்பின. டச்சப் மறுபடி பைனாகுலரோடு படுத்துவிட்டாள்.

"கண்ணை எடுக்காதே குட்டி."

"எடுக்கல அண்ணி."

"இமைக்காதே."

"இமைக்கல. என்னைப் பேச வைக்காதீங்க."

அவள் முகத்தில் வெயில் விழாமல் நான் குடை பிடித்தேன். ஜெராக்ஸ் கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு பெரிய வேலை எனக்குக் கிடைத்ததில்லை.

சாலையில் புழுதி தெரிந்தது. கார் என்று எதிர்பார்த்தோம். வந்தது பைக். ஓட்டி வந்தவருக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. பின்னால் வெள்ளைக் கோட்டோடு பல் டாக்டர், தோளில் முக்காலி வைத்த தொலைநோக்கி, ஸ்கோப். காரை வெளியே எடுக்க நேரமாகும் என்று பேஷண்டின் வண்டியிலேயே ஏறி வந்துவிட்டாராம். வரப்பில் ஓடி வரும்போது ஒரு காலணி சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வந்தார்.

"எங்கே?"

டச்சப் வாயைத் திறந்தாள். அந்த நொடி வரப்பில் மிச்சமிருந்த எல்லாமும் எழும்பின. ஒன்று பாக்கியில்லை.

குருவி தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் வெறும் வரப்பைப் பார்த்தார், அப்புறம் குருவியைப் பார்த்தார். அவர் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இருங்க, இருங்க," என்றாள் டச்சப். படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை. பைனாகுலர் மட்டும் வானத்தில் கூட்டத்தோடு வளைந்து வந்தது. "இறங்குதுங்க. வாய்க்கால் ஓரமா இறங்குதுங்க. யாரும் பேசாதீங்க. கூர்... கூர்... கூர்... கூர்..."

பேஷண்ட்கூட பஞ்சைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார்.

"கூர்... கூர்..." அவள் வலது கை விரல்கள் மண்ணில் மவுஸைத் தேடுவது போல அசைந்தன. "அங்கே! பச்சைப் பாட்டில் கெடக்குல்ல, அதுக்கு முன்னாடி! தண்ணியைத் துழாவுது!"

டாக்டர் ஸ்கோப்பை ஊன்றி அந்தப் பக்கம் திருப்பினார். குனிந்தார். அப்படியே இருந்தார். காற்றில் கோட்டு படபடத்தது. காலணி இல்லாத காலில் சேறு வழிந்துகொண்டிருந்தது. குருவி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

டச்சப்பால் தாங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து கொட்டிவிட்டாள். "டாக்டர், அது சேறு இல்லீங்க, அது மூக்குதான். நேத்து நான்தான் தெரியாம தொடச்சுட்டேன். நான் பொம்பளைங்களுக்கு மூக்கு திருத்துறவ. கோணலா, சப்பையா எதைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது. அண்ணி ஒண்ணும் பண்ணலை. அவங்க பார்த்தது பார்த்ததுதான்."

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் சின்ன வயசுலேருந்து இதைத் தேடறேன்மா," என்றார். "எங்கெங்கேயோ போனேன். இது என் கிளினிக்குக்குப் பின்னாடி நிக்குது." பிறகு டச்சப்பைப் பார்த்தார். "உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல. நானும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பல்லை நேராக்குறவன்தான்."

குருவியின் முன்னால் வந்து நின்றார். "மேடம், அவசரப்பட்டு எழுதிட்டேன். எல்லார் முன்னாடியும் எழுதினேன். எல்லார் முன்னாடியும் திருப்பி எழுதறேன்." நின்ற இடத்திலேயே போனை எடுத்தார். இரண்டு தரம் அழித்து எழுதினார். குருவியின் போன் டிங் என்றது. 'நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரண்டிமூக்கு உள்ளான். நேற்று கண்டுபிடித்தவர் நம் குருவி மேடம். அவர் பதிவு எதுவும் எங்கும் போகாது. தவறு என்னுடையது.' தெரு வைத்த பெயர் அவர்வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

குருவி அதைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பேஷண்ட் பஞ்சை எடுத்துவிட்டு, மரத்துப்போன வாயால், "எனக்கும் ஒரு தடவை காட்டுங்க. இதுக்காகத்தான் பாதிப் பல்லோட வந்திருக்கேன்," என்று கெஞ்சினார். அவருக்கும் காட்டினோம். எனக்கும் காட்டினார்கள். அது தண்ணீரில் தலையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டு, எங்கள் கூத்து எதுவும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

"சார், நீங்க எடுத்த படத்தை அனுப்புங்க," என்றார் டாக்டர் சிரிங்கவிடம். "அப்படியே அனுப்புங்க. யாரும் தொடாம."

எல்லோரும் டச்சப்பைப் பார்த்தோம். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் சிரிங்க கேமராவை என் கையில் கொடுத்தார். "இந்த வருஷக் குடும்பப் போட்டோ இங்கேயே எடுத்துடலாம். இதை அமுக்கினா போதும்." மூன்று பேரும் வரப்பில் நின்றார்கள். முழங்கால் வரை சேறு, தலையெல்லாம் உப்புக் காற்று. நான் வாயைத் திறந்து, "கொஞ்சம் சிரிங்க," என்றேன். அவர் சிரித்தார். மேல் வரிசையில் ஒரு பல் இல்லாதது அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரும் அதைக் கவனித்திருப்பார்.

திங்கட்கிழமை காகிதம் கடன் கேட்கிற சாக்கில் பின்னறைக்குப் போனேன். டச்சப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்க அவள் முகம்தான், வரப்பில் நான் எடுத்தது. மூக்கைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். மவுஸ் மேல் கை இருந்தது. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை, நானும் இருமவில்லை. வெகுநேரம் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தைச் சின்னதாக்கினாள். அண்ணியின் காலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டு பிரிண்ட் கொடுத்தாள்.